விதிக்கு ஒளித்த நம்பர் பிளேட்

வண்டி கழுவும் கொட்டகைக்கு ஞானம் வந்துவிட்டது. அதன் முதலாளி தண்ணீர்க் குழாயைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு 'ஒளிஞானி' ஆகிவிட்டார். ஊரிலுள்ள மோட்டார் சைக்கிள்களெல்லாம் அவர் வாசலில் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றன.

அவருடைய தத்துவம் சின்னது. சின்னதாக இருந்தால்தானே மெல்லாமல் விழுங்க முடியும்?

"விதி எப்பவும் பின்னாலதான் வரும். பின்னால வந்தா எதைப் பாக்கும்? நம்பரைப் பாக்கும். நம்பர் தெரிஞ்சாத்தானே ஆளைத் தூக்கும்? பிளேட்டை இடம் மாத்து. விதி தேடித்தேடி அலுத்துப் போயிடும்!"

ஆகவே, மட்கார்டின் நடுவில் ஊரறிய நின்ற நம்பர் பிளேட்டைக் கழற்றி, இடப்பக்கம் பின்சக்கரத்தின் அச்சுக்கு அருகே சாய்த்து மாட்டினார். அதன் தலைக்கு மேல் ஓர் ஊதா விளக்கு. அந்த வெளிச்சத்தில் எண்ணும் தெரியாது, எழுத்தும் தெரியாது. அதுதான் மகிமையாம். மகிமைக்குக் கட்டணம் தனி.

தையல்காரியின் கணவன் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறவன். போன வாரம் அந்தி மயங்கும் நேரத்தில் எவனோ ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்து இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் பறந்துவிட்டான். கணவனுக்குக் கணுக்காலில் மாவுக்கட்டு. வேலையும் போய் வீட்டில் கிடந்தவன், ஒருநாள் திடீரென்று எழுந்து உட்கார்ந்தான்.

"எனக்கு இப்பத்தான் புரியுது. இடிச்சவனுக்கு ஒரு கீறல்கூட இல்ல. ஏன்? அவன் வண்டியில ஊதா லைட்டு எரிஞ்சுது. நம்ம வண்டியில இல்ல!"

அவள் ஊசியை நிறுத்தினாள். "நம்பரைப் பாத்தீங்களா?"

"எங்க தெரிஞ்சுது? கீழ என்னமோ ஊதாவா மின்னுச்சு, அவ்வளவுதான்."

"அது தெரிஞ்சிருந்தா ஆளைப் பிடிச்சிருக்கலாம்ல?"

"உனக்கு இதெல்லாம் புரியாது. நாளைக்கே வண்டியை அங்க ஓட்டிட்டுப் போ."

உடைந்த காலுக்கு மாவுக்கட்டு உண்டு. உடைந்த புத்திக்கு எங்கே போவது? ஆனாலும் அவள் போனாள், வண்டியோடு அல்ல, கண்களோடு.

கொட்டகையில் வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. ஒளிஞானி இடது கையில் ஊதா விளக்கைப் பிடித்து ஒரு பிளேட்டுக்குப் பக்கத்தில் நீட்டினார். வலது கையை அதன்மேல் மெல்லச் சுழற்றினார். விளக்கு பட்டென்று அணைந்தது. "ஐயோ! விதி பக்கத்துலயே நிக்குது!" என்றார். கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. அவருடைய மைத்துனன் பிளேட்டைக் கழற்றிக் கீழே மாட்டினான். இப்போது வலது கை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. விளக்கு ஜம்மென்று எரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

விளக்கைப் பார்க்காமல் அவருடைய வலது கையையே பார்த்தவள் அவள் ஒருத்திதான். அந்தக் கை கிட்டே வந்தால் அணைகிறது, விலகினால் எரிகிறது. கையில் தடித்த மோதிரம். சிதறிய குண்டூசிகளைக் காந்தம் வைத்துப் பொறுக்குகிறவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

மறுநாள் கணவனைப் பின்னால் உட்காரவைத்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தாள். பிளேட் இருக்கும் இடத்தில் மெல்லிய துணி சுற்றியிருந்தது.

"துணியை எடும்மா," என்றார் ஒளிஞானி.

"எதுக்குங்க? விதிக்குத் தெரியுற நம்பர் உங்களுக்கு ஒரு முழத் துணிக்குப் பின்னால தெரியாதா?"

கூட்டம் அவரைப் பார்த்தது. இனிப் பின்வாங்க முடியாது. விளக்கை நீட்டினார், வலது கை சுழன்றது, விளக்கு அணைந்தது.

"கொடூரமான நம்பர்! ஆளைக் காலோட விட்டதே பெரிசு!"

கணவன் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டு, "சொன்னேன்ல!" என்றான்.

விதியைக் கட்டிப்போடுகிறவர்போல் ஒளிஞானி துணிமேல் கை வைத்தார். டக்! கை ஒட்டிக்கொண்டது. இழுத்தார். விரல் வந்தது, மோதிரம் வரவில்லை.

அவள் மோதிரத்தைப் பிய்த்தெடுத்துவிட்டுத் துணியை உருவினாள். உள்ளே நம்பர் பிளேட் இல்லை. சமையலறை இரும்பு மூடி ஒன்று கம்பியில் தொங்கியது.

"இதுல கொடூரமான நம்பர் எதுங்க? கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க."

விளக்கைப் பிடுங்கி மோதிரத்தை அருகில் கொண்டுபோனாள், அணைந்தது. விலக்கினாள், எரிந்தது. "மோதிரத்துல காந்தம். லைட்டுக்குள்ள காந்தத்துக்கு அணையுற சுவிட்சு. விதி எங்க நிக்குதுன்னு நீங்களே பாருங்க!"

ஒளிஞானி வானத்தைப் பார்த்துக் கை தூக்கினார். "இது எனக்கு வந்த சோதனை!"

"ஆமா, சோதனைதான். வெச்சது நான்."

சிரிப்பு வெடித்தது. கணவன் மட்டும் சிரிக்கவில்லை. ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வரிசையைப் பார்த்தான்.

"என்னை இடிச்சவன் இப்ப எங்கயோ நல்லாத்தான் இருப்பான். விதிகிட்ட இருந்தா தப்பிச்சான்? என்கிட்ட இருந்துல்ல தப்பிச்சான். நான் ரோட்டுல கிடந்து அந்த நம்பரைத்தான் தேடினேன். நானும் அதையே மாட்டிக்கப் பாத்தேனே..."

வரிசையில் நின்ற ஒருவன் ஸ்பேனரை எடுத்து ஒளிஞானியின் கையில் வைத்தான். "கழட்டின இடத்துலயே திரும்ப மாட்டுய்யா. வெள்ளை லைட்டு போடு. வாங்கின காசையும் எடு."

மைத்துனனைக் காணவில்லை. அவனுக்குத்தான் கொஞ்சம் புத்தி இருந்தது. ஒளிஞானி தனியாக மண்டியிட்டு, ஒவ்வொரு வண்டியின் பின்புறமாக ஊர்ந்து ஊர்ந்து பிளேட்டை மாட்டினார்.

தையல்காரி கிளம்பும்போது ஒருவர் ஓடிவந்தார். இரும்பு மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"போலியைப் பிடிச்ச மூடி இது! சக்தி இருக்கும்மா. எந்தக் கடையில வாங்கினே?"

அவள் வண்டியை உதைத்துக் கிளப்பினாள்.

"உங்களுக்கு எதுக்குண்ணே இன்னொண்ணு? மூளைக்கு மேல ஏற்கெனவே ஒண்ணு போட்டு இறுக்கி வெச்சிருக்கீங்க. முதல்ல அதைத் திறங்க!"