பூட்டுக்கு நெற்றி எது?

துப்பாக்கி சுடத் தெரியாதவன் நான். ஆனாலும் ஆக்லாந்தில் ஒரு போலீஸ் அதிகாரியின் கண்ணெதிரே ஆறு ரிவால்வர்களை ஒரேயடியாக முடக்கியிருக்கிறேன். அதற்கு நான் பயன்படுத்திய ஆயுதம் அரைக் கிண்ணம் சந்தனம்.

தொண்ணூறுகளின் நடுவில் மதுரையிலிருந்து வந்த மெக்கானிக்கல் இன்ஜினியர் நான். (சும்மா சொல்லக் கூடாது, என் பட்டத்தைப் பார்த்த அத்தனை கம்பெனிகளும் ரொம்ப மரியாதையாகத்தான் வேண்டாமென்றன.) கடைசியில் மவுண்ட் வெல்லிங்டனில் பூட்டு சாவிக் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்துக்காரர் சிவா அண்ணன் மூன்று மாதச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். அது முடிந்ததும் அவர் நிரந்தர வேலைக் கடிதம் தந்தால் விசா நீளும். தராவிட்டால் நானும் மனைவி கலாவும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கடைசி வாரத்தில் பாபகூராவிலிருந்து கிரஹாம் என்ற ஓய்வுபெற்ற பல் டாக்டர் வந்தார். லைசென்ஸோடு பழைய ரிவால்வர்கள் சேர்ப்பவர். ஒவ்வொன்றிலும் ஒரு பாகத்தைக் கழற்றித் தனியே பூட்டி வைத்திருந்தார். அது போதாதென்று, கண்ணாடி அலமாரியில் இருந்த ஆறுக்கும் டிரிகர் பூட்டுகள் வேண்டுமாம். திங்கட்கிழமை போலீஸ் பரிசோதனை.

"துப்பாக்கி தெரியணும், பூட்டு தெரியக் கூடாது" என்றார்.

அலமாரியோ ஆழமில்லாதது. பெரிய பூட்டைப் போட்டால் கண்ணாடிக் கதவு மூடாது. மலிவான பூட்டில் ரப்பர் கிடையாது, பழைய பளபளப்பில் கீறல் விழும். மூன்று நாள் அளவு எடுத்து, கச்சிதமான ஒரு ரகத்தைப் பிடித்தேன். டிரிகரின் இரண்டு பக்கமும் இரண்டு பாதிகள். சேர்த்து அமுக்கினால் 'க்ளிக்'. மூடுவதற்குச் சாவி வேண்டாம், திறக்கத்தான் வேண்டும். (இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

சிவா அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "நல்லாத் தெரிஞ்செடுத்திருக்கிறீர். துவக்கெண்டா எனக்கு இப்பவும் பயம். நீரே போய்ப் பூட்டிப்போட்டு வாரும். ஒழுங்காச் செய்தீரெண்டா கடிதம் ரெடி." (துவக்கு என்றால் அவர் ஊரில் துப்பாக்கி.)

ஞாயிற்றுக்கிழமை ஆயுத பூஜை. கலா மிக்ஸியையும் தையல் மெஷினையும் அடுக்கினாள். பக்கத்தில் நான் பூட்டுகளை அடுக்கிச் சந்தனத்தைக் குழைத்தேன்.

"ஏங்க, அந்த ஓட்டையில எதுக்கு வைக்கிறீங்க? ஓரமா வைங்க."

"அதான் நெத்தி. நடுவுல இருக்கு பாரு."

"நெத்தியில ஓட்டை இருக்குமா? அது வாய். வாயில பொட்டு வைக்கிற ஒரே ஆளு நீங்கதான்."

"இன்ஜினியர் நீயா நானா?" என்று கேட்டுவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தி வைத்தேன். விசா விஷயமாயிற்றே, கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.

மறுநாள் காலையில் ஈரத்துணியால் துடைத்தேன். வெளியே பளிச்சென்று இருந்தது. பாபகூராவில் அதிகாரி நோட்டுப் புத்தகத்தோடு காத்திருந்தார், உயரமான பெண்மணி. கிரஹாம் ஒவ்வொரு ரிவால்வரையும் திறந்து காலி என்று காட்ட, நான் பூட்டினேன். ஆறு 'க்ளிக்'. கண்ணாடிக் கதவும் அழகாக மூடியது. எனக்கு அந்தக் கடிதமே கண்முன் தெரிந்தது.

"நல்ல வாசனையா இருக்கே" என்றார் அதிகாரி. நான் பல்லைக் காட்டினேன்.

"சரி, கழற்றுங்க. துப்பாக்கியோட நம்பர், பூட்டுக்கு அடியில மறைஞ்சிருக்கு. பதிவோட சரிபார்க்கணும்."

சாவி கால்வாசிகூட உள்ளே போகவில்லை; ஓட்டைக்குள் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. அடுத்ததும் அப்படியே. ஆறாவதற்கு வரும்போது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வேறு வழியில்லாமல், ஆயுதங்களை வைத்துக் கும்பிடும் பண்டிகையைப் பற்றிச் சொன்னேன்.

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். "துப்பாக்கியைக் கும்பிடுவீங்களா?"

"இல்லை மேடம், மிக்ஸியைத்தான் கும்பிடுவோம்" என்றேன். (நிலைமை இன்னும் மோசமானது.)

அதற்குள் கிரஹாம் ஒரு பூட்டின் துவாரத்தை உற்றுப் பார்த்தார். உள்ளே போய், கொக்கி ஊசிகளும் குட்டிக் கண்ணாடியுமாகத் திரும்பினார். "நல்லா அகலமாத் திற" என்று பழக்கதோஷத்தில் பூட்டிடமே சொன்னார். அதிகாரி டார்ச் பிடிக்க, நான் பஞ்சும் வெந்நீருமாக நர்ஸ் வேலை பார்த்தேன். ஆறு வாயையும் சுத்தம் செய்ய ஒன்றேகால் மணி நேரம் ஆனது. நம்பர்கள் சரியாக இருந்தன.

"பூட்டு பாதுகாப்பானதுதான். பூட்டினவராலேயே திறக்க முடியலை" என்று சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார் அதிகாரி.

கடைக்குத் திரும்பும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் போய்ச் சேருமுன்பே கிரஹாம் சிவா அண்ணனுக்குப் போன் செய்திருந்தார்.

"மெய்யோ? துவக்குப் பூட்டுக்குச் சந்தனம் வைச்சனீரோ?"

"ஆமாண்ணே."

சிவா அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. மனிதரை அழ வைத்துவிட்டேனே என்று பதறிப் பக்கத்தில் போனேன். அவர் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஊரை விட்டு வந்த நாளில இருந்து, துவக்குக் கதை கேட்டு நான் சிரிச்சதேயில்லை, தம்பி" என்று கண்ணைத் துடைத்தார். பிறகு மேசை டிராயரைத் திறந்து கடிதத்தை எடுத்தார். அதில் வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார்.

இன்று பிளாட் புஷ்ஷில் சொந்த வீடு. ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணம் என் கைக்கு வருவதில்லை. இங்கேயே பிறந்த மகள் அதை ஏந்திக்கொண்டு கார் முன்னால் நின்று, "டாட், ஃபோர்ஹெட் ஆர் மௌத்?" என்பாள். "இன்ஜினியரைக் கேட்காதடி" என்று கலா உள்ளேயிருந்து கத்துவாள்.

மறுநாள் காலை தவறாமல் சிவா அண்ணனின் போன் வரும். "தம்பி, பூட்டெல்லாம் பல்லுத் தீட்டிட்டுதோ?" (பல் தேய்த்தாயிற்றா என்கிறார்.)

"ஓம் அண்ணே" என்பேன்.