எட்டாத அறை

“இன்னும் கொஞ்சம் மேல” என்றாள் மனைவி, ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

அவர் இன்னும் கொஞ்சம் மேலே துளைத்தார். சுவர்த் தூள் மூக்கில் ஏறியது. சொந்தச் சொத்தை அடுத்தவருக்கு எழுதிக் கொடுக்கிறவன்கூடப் பேனாவை மட்டும் பிடித்தால் போதும். இவர் டிரில்லையும் பிடிக்க வேண்டியிருந்தது.

கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது அவர் தொழில். இந்த வீடும் அவர் போட்டதுதான். மாடி அறைச் சுவர் மட்டும் ஏன் இத்தனை தடிமன் என்று கொத்தனார் கேட்டபோது, வெயில் தாங்கும் என்றார். வெயிலை மட்டுமா தாங்கியது? கூடத்து ரௌட்டரிலிருந்து கிளம்பும் வைஃபை படியேறி வந்து, அந்தச் சுவரில் முட்டி, வந்த வழியே போய்விடும். அந்தத் தெருவுக்கு டவரும் சரியாகக் கிடையாது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு “வேலை இருக்கு” என்று மேலே போனாரானால் காஸ் தீர்ந்ததோ, தொட்டி வழிந்ததோ, மச்சினன் வந்து உட்கார்ந்திருப்பதோ அவருக்குத் தெரிய வழியில்லை. வரைபலகைமேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்குவார். ஒரு நாளில் அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான். இறங்கி வந்ததும், “மேல எடுக்கலையே” என்பார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நெட் எடுக்காத இந்த அறையில் மனுஷன் எப்படித்தான் வேலை பார்ப்பது என்று வருஷக்கணக்காக அலுத்துக்கொள்ளவும் செய்தார். அதற்குத்தான் அவள் இரண்டாவது ரௌட்டர் வாங்கி வந்திருந்தாள்.

யாரைக் கேட்டு வாங்கினாய் என்று குதித்துப் பார்த்தார். நீங்கள்தானே தினம் புலம்பினீர்கள் என்றாள். புலம்பியது உண்மை. சட்டையில் பொத்தான் இல்லை என்றும்தான் புலம்பினார். சட்டை இன்னும் அப்படியே தொங்குகிறது. இதை மட்டும் காதில் வாங்கிக்கொள்வானேன்?

மாடி அறையில் மாட்டி முடித்ததும் அதில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் முகம் மலர்ந்தது. சுவர் யார் போட்டது?

அவள் பெட்டியில் இருந்த குறிப்பைப் படித்தாள். கீழே இருப்பது தூரமாம். படிக்கட்டுத் திருப்பத்துக்குக் கொண்டுவந்தால் இது அதைப் பிடித்துக்கொள்ளுமாம்.

படிக்கட்டு வாசல் பக்கம். அடுப்படி வீட்டின் பின்கோடியில். அவருக்கு ஒரு பிடி கிடைத்தது.

“அதை நகர்த்தினா உனக்கு அடுப்படியில சுத்தமா எடுக்காது. யோசிச்சியா?”

அவள் குறிப்பை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

“எனக்கென்னங்க, அங்க என்ன ஆபீஸா நடத்தறேன்? உங்க வேலை நடந்தா சரி.”

குரல் கம்மியிருந்தது. அவருக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. சண்டைக்கு வருகிறவளைச் சமாளிக்கலாம். தியாகம் செய்கிறவளை என்ன செய்வது? அந்த ஆத்திரத்திலேயே கீழ் ரௌட்டரை அவரே கழற்றி, வயரை அவரே சுவரோரமாக இழுத்து, திருப்பத்தில் அவரே மாட்டினார். மாடியில் பச்சை விளக்கு எரிந்தது.

மறுநாள் மத்தியானம் கண் செருகும் நேரத்தில் போன் அடித்தது. அக்கா. வெளியூரில் இருப்பவள், தினமும் இந்த நேரத்துக்கு வீடியோவில் வந்து முழங்காலில் ஆரம்பித்து மருமகளில் முடிப்பாள். முடிப்பாள் என்பது ஒரு மரியாதைக்கு. இத்தனை வருஷமும் கீழே இருந்து அதைக் கேட்டது அவர் மனைவி.

“அவ கீழ இருக்காக்கா. அவளுக்குப் போடேன்.”

“அவளுக்கு அடுப்படியில எடுக்கலையாம்டா, காலையிலேயே சொல்லிட்டா. உனக்குத்தான் இப்ப பிரமாதமா எடுக்குதாமே.”

அவர் போனும் கையுமாகத் தடதடவென்று இறங்கினார். அடுப்படி வாசலில் அக்கா திரையில் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றாள். நாலடி பின்வாங்கினால் உயிர் வந்து, முழங்காலிலிருந்து மறுபடி தொடங்கினாள். முன்னே போனால் உறைந்தாள்.

உள்ளே மனைவி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, இன்னொன்றில் காலை நீட்டி, வாரப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை.

“இந்தா, அக்கா. பேசு.”

“இங்க எடுக்காதுங்க. நீங்கதானே சொன்னீங்க.”

“வேணும்னே செஞ்சிருக்கே.”

“நானா? சுவரு நீங்க போட்டது. ரௌட்டர் நீங்க மாட்டினது.” அவள் பக்கத்தைப் புரட்டினாள். “ஸ்டூலைத்தான் நான் பிடிச்சேன்.”

அவர் படிக்கட்டுப் பக்கமிருந்த சாப்பாட்டு மேஜைக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தார். அக்கா மருமகள் கதைக்கு வந்திருந்தாள். கேட்கிறாயா என்றாள். “ம்” என்றார். போனைச் செம்பில் சாய்த்து வைத்தார். மேஜைமேல் ஒரு தட்டு நிறைய பீன்ஸ் இருந்தது. அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு காம்பு கிள்ளத் தொடங்கினார்.