அளவிடற்கரிய குதிரைத்திறன்

மோட்டார் சைக்கிளின் வேகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஓட்டியவனைச் சொல்வார்கள். இன்ஜினைப் பிரித்துச் சேர்த்த மெக்கானிக்கைச் சொல்வார்கள். பின்னால் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு போனவளைக்கூடச் சொல்வதுண்டு. அளந்தவளை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஆகவே அவளிடமிருந்தே தொடங்குகிறேன்.

வாகனத் திறன் அளவைத் துறையில் அவள் ஒன்பது ஆண்டுகளாகத் தற்காலிக அளவையாளர். வண்டியின் பின்சக்கரத்தை இரும்பு உருளையின்மேல் நிறுத்தி, பட்டைகளால் இழுத்துக் கட்டி, நாலாவது கியரில் ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகுவாள். சக்கரம் உருளையைச் சுழற்றும் விதத்தைக் கொண்டு கணிப்பொறி குதிரைத்திறனைச் சொல்லும். மூன்று முறை ஓட்டி, சராசரியை எழுதிக் கையெழுத்திடுவாள். வண்டியில் எதையாவது மாற்றுவதற்கு முன் ஓர் அளவு, மாற்றிய பின் ஓர் அளவு. இரண்டுக்கும் இடைப்பட்டதே முன்னேற்றம் என்றும், அது பத்து விழுக்காட்டுக்குக் குறைந்தால் மாற்றத்துக்குச் சான்றிதழ் இல்லை என்றும் சட்டம் சொன்னது.

அந்த ஆண்டு எல்லோருக்கும் பெரிய சைலன்சர் மோகம். அவளுடைய கொழுந்தன் மாட்டிக்கொண்டு வந்தது அவன் தொடையைவிடப் பருமன்.

“எவ்வளவு ஏறியிருக்கு அண்ணி?”

“மாட்டறதுக்கு முன்னாடி பன்னிரண்டு புள்ளி நாலு. இப்ப பன்னிரண்டு புள்ளி ஒண்ணு.”

“அப்படின்னா?”

“இறங்கியிருக்கு.”

“சத்தத்தைக் கேட்டீங்களா, இல்லையா?”

“தெருவே கேட்டுச்சு. சத்தத்தை அளக்க இங்க மெஷின் இல்லை.”

“சொந்தக் கொழுந்தனுக்கு ஒரு புள்ளி கூட்டிப் போட மனசு வரலை. எங்க அண்ணனுக்கு எப்படித்தான் சோறு போடறீங்களோ!”

“அளந்துதான்.”

ஆறு மாதத்தில் அறுநூற்று நாற்பது வண்டிகள் வந்தன; பதினோரு சான்றிதழ்கள் போயின. துறையின் இலக்கு ஒன்பதாயிரம். துணை இயக்குநர் ஆய்வுக் கூட்டம் கூட்டினார். எண்களை மதிக்கிறவர் அவர்; அவை தாம் எதிர்பார்த்த எண்களாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

“பின் அளவு ஏன் ஏறவே மாட்டேங்குது?”

“வண்டியில திறன் ஏறலை சார்.”

“அது வண்டியோட பிரச்சினை. நான் கேக்கறது நம்ம பிரச்சினை.” அளவுப் படிவத்தை இழுத்து முதல் கட்டத்தில் விரலை வைத்தார். “சரி. பின் அளவு நம்ம கையில இல்லை. முன் அளவு?”

மக்கள் நலன் கருதி முதல் சுற்றறிக்கை வெளியானது: முன் அளவு எடுக்கும்போது பின்சக்கரத்தில் பாதிக் காற்றே இருத்தல் வேண்டும். முன் அளவு இறங்கியது; ஆனாலும் முன்னேற்றம் ஆறு விழுக்காட்டைத் தொட்டு நின்றுவிட்டது. அறிவியல் இதற்குமேல் இடம்கொடாதெனத் தோன்றிய வேளையில் இரண்டாவது சுற்றறிக்கை வந்தது: முன் அளவு எடுக்கும்போது இன்ஜின் அணைந்திருத்தல் வேண்டும்.

“ஓடாத இன்ஜினை எப்படி சார் அளக்கறது?”

“வாசல்ல வண்டியை என்னம்மா பண்றாங்க? அணைச்சுட்டுத்தானே உள்ளே தள்ளிட்டு வர்றாங்க? அப்ப அதுதானே வண்டியோட இயல்பு நிலை?”

அளந்தாள். முன் அளவு பூஜ்யம். பின் அளவு பன்னிரண்டு. விழுக்காட்டுக் கட்டத்தில் கணிப்பொறி ஒரு கோடு மட்டும் போட்டது.

“எத்தனை விழுக்காடும்மா?”

“பூஜ்யத்துலேருந்து விழுக்காடு சொல்ல முடியாது சார்.”

“சொல்ல முடியாத அளவுக்கா!” அவர் எழுந்து நின்று கைதட்டினார்.

அன்று முதல் அந்தக் கட்டத்தில் ‘அளவிடற்கரியது’ என்று எழுதுமாறு ஆணை பிறந்தது. அளப்பதற்கென்றே ஏற்பட்ட துறை அப்படி எழுதலாமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடியவள் ஒருத்திதான், அவள் கேள்வி கேட்காமல், படிவத்தின் ‘குறிப்பு’ப் பகுதியில் “இன்ஜின் ஓடவில்லை” என எழுதிக் கையெழுத்திட்டாள். மறுவாரம் புதிய படிவங்கள் வந்தன. அவற்றில் குறிப்புப் பகுதி இல்லை. அவளும் கையெழுத்திடவில்லை.

துணை இயக்குநர் அவளைத் தம் அறைக்கு அழைத்து, மிகுந்த கனிவோடு நாற்காலியைக் காட்டினார்.

“உங்க வேலையை நிரந்தரமாக்கற கோப்பு இதோ, என் மேசையிலதான் இருக்கு. ஒரே ஒரு கையெழுத்து பாக்கி, என்னோடது. உங்ககிட்டயும் ஒரு கையெழுத்து பாக்கி இருக்கு.”

“இன்ஜின் ஓடினா போடறேன் சார்.”

“ஒன்பது வருஷம்மா! யோசிங்க.”

“அந்த ஒன்பது வருஷமும் ஓடின இன்ஜினுக்குத்தான் போட்டேன்.”

அவர் கோப்பை மூடினார். அதன்மேல் தேநீர்க் கோப்பையை வைத்தார். பிறகு சான்றிதழ்களில் ‘அளவையாளருக்காக’ என்று தாமே கையெழுத்திடத் தொடங்கினார்.

நான்கு மாதத்தில் இலக்கு நிறைவேறியது. சைலன்சர் மாற்றியவர்கள் வந்தார்கள். கண்ணாடி மாற்றியவர்களும் ஸ்டிக்கர் ஒட்டியவர்களும் வந்தார்கள். ஒருவர் வண்டியைக் கழுவிவிட்டு வந்தார். எல்லோருக்கும் அளவிடற்கரிய முன்னேற்றம். சான்றிதழைப் பெட்ரோல் டேங்கில் ஒட்டிக்கொள்ளாத வண்டியைப் பெண்கள் திரும்பிப் பார்ப்பதில்லை என்று ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கொழுந்தன் இரண்டு ஒட்டியிருந்தான்.

இந்த வெற்றியைச் சாலைப் பாதுகாப்புத் துறையும் படித்தது. அங்கேயும் ஒரு சட்டம் இருந்தது: நாற்பது குதிரைத்திறனுக்கு மேற்பட்ட வண்டியைச் சிறப்பு உரிமம் இன்றி ஓட்டலாகாது. அளவிடற்கரியது என்பது நாற்பதைவிடக் கூடுதலா குறைவா என ஆராய ஒரு குழு அமைத்தார்கள். கூடுதல் என்று குழு ஒருமனதாகக் கண்டறிந்தது. ஒரே காலையில் ஒன்பதாயிரம் வண்டிகள் மடக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று துணை இயக்குநருடையது.

கொழுந்தன் மூச்சிரைக்க நடந்தே வந்தான்.

“அண்ணி, அன்னைக்குப் பன்னிரண்டு புள்ளி ஒண்ணுன்னு ஒரு சீட்டு குடுத்தீங்களே, அது இருக்கா?”

“நீதானே கிழிச்சுப் போட்டே?”

“கோவத்துல கிழிச்சேன். உங்க நோட்டுல இருக்குமே!”

இருந்தது. நகலெடுத்துக் கொடுத்தாள். அவனைப் பார்த்து இன்னும் பலர் வந்து நகல் வாங்கிப்போனார்கள். பெருந்திறனுக்காக வரிசையில் நின்ற அதே ஆட்கள், தங்கள் வண்டி ஒன்றுக்கும் உதவாது என்று நிரூபிக்க அதே வரிசையில் நின்றார்கள்.

துணை இயக்குநர் அந்த நகல்களை ஏற்கவில்லை. அவரிடம் மூன்றாவது சுற்றறிக்கை இருந்தது: திறன் இழப்புச் சான்றிதழ்.

“அளந்து முடிச்சதும் வண்டியை என்ன பண்றோம்? அணைக்கிறோம்ல? இனிமே பின் அளவு அதுதான்.”

பின் அளவு பூஜ்யம். மடக்கிய வண்டிகள் அத்தனையும் மாலைக்குள் விடுவிக்கப்பட்டன. பூஜ்யத் திறன் வண்டிக்கு உரிமம் தேவையில்லை என்பது அன்றே தெரியவந்தது. எனவே மறுநாள் எல்லோரும் வந்தார்கள், சைலன்சரைத் தொடாதவர்களும்தான். ஏன், நீங்களும் நானும்தான் வந்தோம். சான்றிதழ் இன்னும் வண்டிப் பெட்டிக்குள் இருக்கிறது, இல்லையா?

ஆண்டறிக்கையில் ஒரே ஒரு முரண்பாடு மிஞ்சியது. அதிகாரபூர்வ அளவுகள் இரண்டு: அளவிடற்கரியது, பூஜ்யம். அளவையாளரின் நோட்டில் இருந்த பன்னிரண்டு புள்ளி நாலு, பன்னிரண்டு புள்ளி ஒண்ணு முதலியவை இரண்டோடும் பொருந்தவில்லை. தவறான அளவீட்டுக்காக அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

இரண்டு மாதம் கழித்து, பேருந்துக்காக ஓரமாக நின்றவளை ஒரு மோட்டார் சைக்கிள் இடித்துத் தள்ளியது. ஓட்டியவர் சான்றிதழைக் காட்டினார். திறன் பூஜ்யமாகையால் வண்டி நகர்ந்திருக்க வழியில்லை என்றும், நின்ற வண்டிமேல் அந்தப் பெண் வந்து மோதினாள் என்றும் அறிக்கை எழுதப்பட்டது. மோதலில் உடைந்த முகப்பு விளக்கின் கண்ணாடியை அவளே தன் செலவில் மாற்றித் தந்தாள். இப்போது தண்ணீர் பம்புகள் செய்யும் ஒரு பட்டறையில், சோதனை மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். இடது முழங்கால் முழுதாக மடங்குவதில்லை.