யார் தட்டினாலும் திறக்காதீர்கள்

சைரன் அடங்கி வெகுநேரம் ஆகியும் தெருவில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. கழுத்தில் அடையாள அட்டையும் கையில் மெகாஃபோனுமாகத் தெரு நடுவில் தனியாக நின்றுகொண்டிருந்தாள் சைரன் மேடம்.

அந்தப் பெயரை அவளுக்கு வைத்தது அந்தத் தெருதான். தெருக் கோடியில் உயரமான சுவர். சுவருக்கு அப்பால் குளோரின் தொழிற்சாலை. விபத்து ஏதாவது நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று சுற்றியிருக்கும் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்வதற்கென்றே தொழிற்சாலை அவளை வேலைக்கு வைத்திருந்தது. அவள் குடியிருந்ததும் அதே தெருவில்தான். அதனால் பால் வாங்கப் போனால்கூட யாராவது, "என்ன மேடம், இன்னைக்கு வெடிக்குமா?" என்று விசாரிப்பார்கள்.

போன தடவை ஒத்திகை நடந்தபோது சைரன் அடித்ததும் தெரு மொத்தமும் வெளியே வந்து நின்றது. தையற்காரர் நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டார். குழந்தைகளைத் தோளில் ஏற்றி, "அதோ பார், அங்கேருந்துதான் சத்தம் வருது" என்று காட்டினார்கள். "இது ஒத்திகையா, ஊர்வலமா?" என்று தொழிற்சாலை மேனேஜர் கேட்டார். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

இந்தத் தடவை விடக்கூடாது என்று முடிவு கட்டி, ஒத்திகைக்கு முந்தின வாரம் ஒரு கூட்டம் போட்டாள்.

"குளோரின் புகை மாதிரி மேலே போயிடும்னு நினைக்காதீங்க. அது காத்தைவிடக் கனம். தரையோட தரையா, பூனை மாதிரி வரும். கதவுக்குக் கீழே இடுக்கு இருந்தாப் போதும். சத்தமில்லாம உள்ளே வந்து உங்க கட்டிலுக்கு அடியில படுத்துக்கும்."

கூட்டத்தில் பிஸ்கட் கடிக்கும் சத்தம் நின்றது.

"அப்புறம்?" என்று கேட்டார் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார்.

"அப்புறம் இந்த மாதிரி கேள்வி கேக்க உங்களுக்கு மூச்சு இருக்காது சார். அதனாலதான் சொல்றேன். சைரன் ஏறி இறங்கி அடிச்சா உடனே உள்ளே போங்க. ஜன்னலைச் சாத்துங்க, ஃபேன், ஏசியை நிறுத்துங்க, கதவு இடுக்குல ஈரத் துணியை அடைச்சு வைங்க. வேடிக்கை பாக்க வராதீங்க. ஏறி இறங்காம ஒரே சீரா நீளமா ஒரு சைரன் அடிக்கும். அது கேட்ட பிறகுதான் வெளியே வரணும்."

"நடுவுல தெரிஞ்சவங்க யாராவது கதவைத் தட்டினா?" என்றார் தையற்காரர்.

"யார் தட்டினாலும் திறக்காதீங்க! நானே வந்து கெஞ்சினாலும் திறக்காதீங்க!"

தொழிற்சாலைக் கையேட்டில் அப்படி ஒரு வரி கிடையாது. பேச்சு சூட்டில் வந்துவிட்டது. வந்த வரி நன்றாக இருந்ததால் அவள் அதை இன்னொரு தரமும் சொன்னாள்.

பலன் இன்று காலை கண்முன்னால் தெரிந்தது. சைரன் அழ ஆரம்பித்ததுதான் தாமதம், ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன. கதவுகளுக்கு அடியில் பழைய துண்டுகளும் கிழிந்த போர்வைகளும் நனைந்து முளைத்தன. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டே தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நடந்தாள்.

ஆனால் முடிவு சைரன் வரவில்லை.

கண்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். யாரோ எடுத்தார்கள், பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. ரப்பர் குழாய்க்குள்ளிருந்து வருவது போல் நிதானமாக, கனமாக. உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே.

"ஹலோ! நான்தான். நடிச்சது போதும், முடிவு சைரனைப் போடுங்க. ஜனங்க பாவம், புழுக்கத்துல கிடக்காங்க."

மூச்சு ஒரு கணம் நின்றது. பிறகு இணைப்பு அறுந்தது.

"ஒத்திகைக்கு இவ்வளவு வேஷமா!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். சரி, நாமே முடித்துவைப்போம் என்று மெகாஃபோனை வாயில் வைத்தாள்.

"ஒத்திகை முடிந்துவிட்டது! அனைவரும் வெளியே வரலாம்!"

குரல் சுவரில் மோதி, "வரலாம்... வரலாம்..." என்று திரும்பி வந்தது. கதவுகள் அசையவில்லை. திரைச்சீலைகள் மட்டும் ஒவ்வொன்றாக விலகின. கண்ணாடிக்குப் பின்னால் முகங்கள் தெரிந்தன. வாயைத் துணியால் கட்டிய முகங்கள். கண்கள் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

தையற்காரர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"நான்தான் சார். வெளியே வாங்க."

"நீங்கன்னு தெரியுது மேடம்." உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "அதனாலதான் திறக்கல."

"எல்லாம் முடிஞ்சு போச்சு சார்!"

"நீளமான சைரன் அடிக்கலையே?"

"அது ஏதோ கோளாறு. நான் சொல்றேன்ல?"

"யார் தட்டினாலும் திறக்காதீங்கன்னு சொன்னதே நீங்கதானே. ரெண்டு தரம் சொன்னீங்க."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தெரு நடுவில் எல்லா ஜன்னல்களும் பார்க்கும் இடமாகப் பார்த்து நின்றாள். "எல்லாரும் என்னைப் பாருங்க! நான் வெளியிலதானே நிக்கறேன்? எனக்கு என்ன ஆச்சு? இதோ, நல்லா மூச்சை இழுக்கறேன்!"

நெஞ்சு நிறைய இழுத்தாள். தொண்டையில் ஏதோ உறுத்தியது. இருமினாள். அடக்கப் பார்த்ததில் இருமல் இன்னும் பெரிதாக வந்து அவளை இரண்டாக மடித்துப் போட்டது. நிமிர்ந்து பார்த்தபோது திரைச்சீலைகள் மூடியிருந்தன. வீட்டுக்கு வீடு, பசை டேப்பைக் கிழித்து ஜன்னல் ஓரங்களில் ஒட்டும் சத்தம் மட்டும் சர்ர், சர்ர் என்று கேட்டது.

கடைசியில் சொந்த வீட்டுக்கே போனாள். ஒரு வீடு திறந்தால் மற்றவர்களுக்கும் தைரியம் வரும். கணவன் வேலைக்குப் போயிருந்தான். உள்ளே மாமியார் மட்டும்தான். பூட்டில் சாவி திரும்பியது, கதவு நகரவில்லை. உள்தாழ்ப்பாள்.

"அத்தை! கதவைத் திறங்க."

"நீ யாரு?"

"என் குரல் தெரியலையா உங்களுக்கு?"

"குரல் தெரியுது. வருஷக்கணக்காக் கேக்கறேனே, தெரியாம இருக்குமா? ஆனா திறக்கமாட்டேன். சாயங்காலம் வந்து, ஏன் அத்தை திறந்தீங்கன்னு நீயே என்னைக் கேப்பே."

"கேக்கமாட்டேன்!"

"மத்த நாள்ல கேக்காமலா இருக்கே? போ, போய் வேலையைப் பாரு. ஈரத் துணி காஞ்சிடும்போல இருக்கு, மாத்தணும்."

மாமியார் செருப்பைத் தேய்த்துக்கொண்டு உள்ளே போகும் சத்தம் துல்லியமாகக் கேட்டது. இவ்வளவு துல்லியமாகவா?

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தொழிற்சாலையின் இரைச்சல் இல்லை.

அந்தத் தெருவில் பகலும் இரவும் அந்த இரைச்சல் இருக்கும். சமையலறையில் ஓடும் ஃபிரிட்ஜ் சத்தம் மாதிரி, யார் காதிலும் விழாமல் இருந்துகொண்டே இருக்கும். இப்போது அது நின்றிருந்தது. ஒத்திகைக்காக யாரும் இயந்திரங்களை நிறுத்துவதில்லை. போன தடவை நிறுத்தவில்லை. அதற்கு முன்னாலும் நிறுத்தியதில்லை.

சுற்றுமுற்றும் பார்த்தாள். எப்போதும் சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கும் புறாக்களைக் காணோம். குப்பைத் தொட்டியடியில் கிடக்கும் நாயையும் காணோம். காற்றில் ஒரு வாடை, குளியலறையைக் கழுவிவிட்ட மாதிரி. உண்மையாகவே வருகிறதா, அவள் மூக்குதான் கற்பனை செய்கிறதா, சொல்லத் தெரியவில்லை. போனில் கேட்ட மூச்சு ஞாபகம் வந்தது. முகமூடி போட்டவன் விடுகிற மூச்சு அது.

"அத்தை!" கதவை இரண்டு கையாலும் அடித்தாள். "ஒத்திகை இல்லை அத்தை! நிஜம்! நிஜமாவே கசிஞ்சிருக்கு! என்னை உள்ளே விடுங்க!"

"இப்பதானே எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு மைக்குல கத்தினே?"

"தப்பாச் சொல்லிட்டேன்!"

"எதைத் தப்பாச் சொன்னே? அதையா, இதையா?"

அவள் ஓடினாள். தையற்காரர் வீடு, பேக்கரிக்காரர் வீடு, பல் டாக்டர் வீடு என்று ஒன்று பாக்கி விடாமல் தட்டினாள். "கெஞ்சிக் கேக்கறேன், திறங்க!" என்றபோது பேக்கரிக்காரர் உள்ளேயிருந்து யாரிடமோ, "பார்த்தியா, கெஞ்சுவாங்கன்னு சொன்னாங்கல்ல? கரெக்டா கெஞ்சறாங்க" என்று மெச்சிக்கொண்டார். பல் டாக்டர் கதவுக்குப் பின்னாலிருந்து, "மேடம், அழுகை ரொம்ப இயல்பா இருக்கு" என்றார்.

கணக்கு வாத்தியார் மட்டும் மாடி ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, விரலை மேல்நோக்கிக் காட்டினார். வாயைக் கட்டியிருந்ததால் பேச்சு வரவில்லை. அவர் வானத்தைக் காட்டுகிறாரா, அவள் போய்ச் சேரப்போகும் இடத்தைக் காட்டுகிறாரா என்று ஒரு கணம் திகைத்தாள். பிறகுதான் தன் பாடமே தனக்கு நினைவுக்கு வந்தது. காற்றைவிடக் கனம். தரையோடு தரையாக வரும். மேலே போக வேண்டும்!

வாத்தியார் வீட்டுக்கு வெளிப்பக்கமாக மொட்டைமாடிக்கு ஒரு இரும்புப் படிக்கட்டு உண்டு. மூச்சு வாங்க ஏறினாள். தண்ணீர்த் தொட்டியில் கைக்குட்டையை நனைத்து மூக்கில் பொத்திக்கொண்டு, தொட்டியோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

அங்கிருந்து தெரு முழுவதும் தெரிந்தது. வெயில் பளிச்சென்று அடித்தது, நிழல்கள்கூட நகரவில்லை. சுவருக்கு அப்பால், தொழிற்சாலைக் கூரை மேல் காற்றின் திசை காட்டும் துணிக்குழாய் ஆளில்லாத மைதானத்துப் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. அந்த மைதானத்தின் தரை மட்டும் ஏதோ மங்கலாக இருந்தது. கானலா, புகையா, கண்ணீர் நிறைந்த கண்ணா? பார்த்துக்கொண்டே இருந்தாள். அது மெதுவாக, பூனை மாதிரி, நகர்ந்துகொண்டிருப்பதாகத் தோன்றியது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கணவனைக் கூப்பிட நினைத்தாள். கூப்பிட்டு என்ன சொல்வது? உன் அம்மா பத்திரமாக இருக்கிறாள், நான்தான் வெளியே இருக்கிறேன் என்றா? ஒரு கிறுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியில் விம்மலாக மாறியது. இந்தத் தெருவுக்கு இவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டாம் என்று நினைத்தாள். நினைத்ததற்காக உடனே வெட்கப்பட்டாள். அவர்கள் திறந்திருந்தால், அவளோடு சேர்ந்து அதுவும் உள்ளே போயிருக்கும் அல்லவா?

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாளோ தெரியாது.

சைரன் அடித்தது. ஏறவில்லை, இறங்கவில்லை. ஒரே சீராக, நீளமாக.

கீழே டேப் பிய்க்கும் சத்தம். ஜன்னல்கள் திறந்தன, கதவுகள் திறந்தன. மூக்கைக் கட்டிய துணிகளை அவிழ்த்துக்கொண்டு, வேர்த்து வழிய, தெரு மொத்தமும் வெளியே வந்தது. அவள் படியிறங்கி வந்ததைப் பார்த்ததும் யாரோ கைதட்டினார்கள். மறுகணம் தெருவே தட்டியது.

"பிரமாதம் மேடம்!" என்றார் தையற்காரர். "அதுவும் அந்த இருமல்! என் பொண்டாட்டி திறந்துடலாம்னு பிடிவாதம் பிடிச்சா. நான்தான் விடல."

"முதல்ல முடிஞ்சுதுன்னீங்க, அப்புறம் நிஜம்னீங்க. ரெண்டு பக்கமும் தூண்டில் போட்டீங்க, நாங்க மாட்டலையே!" என்றார் பல் டாக்டர்.

மாமியார் ஒரு தம்ளர் தண்ணீரோடு வந்தாள். "நீ அழுததைக் கேட்டு எனக்கே மனசு கேக்கல. தாழ்ப்பாள் மேல கையை வெச்சுட்டேன். அப்புறம் யோசிச்சேன், நம்ம வீட்டாலயே உனக்குக் கெட்ட பேர் வரக்கூடாதுன்னு. சரிதானே?"

அவள் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். தெருவில் எல்லாருக்கும் வாயெல்லாம் பல். குழந்தைகள் ஓடின. வெயில் வெறும் வெயிலாக இருந்தது. ஆக, ஒத்திகைதான். தத்ரூபமாக இருக்கட்டும் என்று இந்தத் தடவை இயந்திரங்களைக்கூட நிறுத்தியிருக்கிறார்கள். கண்ட்ரோல் ரூம்காரன் முகமூடியோடு உட்கார்ந்து பயமுறுத்தியிருக்கிறான். புறாவும் நாயும் சைரனுக்கு மிரண்டு எங்காவது போயிருக்கும். மைதானத்தில் தெரிந்தது கானல்தான், வேறென்ன? மொட்டைமாடியில் தான் அழுததை நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. தெருவும் கூடச் சேர்ந்து சிரித்தது.

"சரிதான் அத்தை," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எல்லாருமே பாஸ்! இதைவிட நல்லா ஒரு ஒத்திகையை எந்த ஊர்லயும் பாக்க முடியாது."

அப்போது தொழிற்சாலைப் பக்கமிருந்து கேட் வாட்ச்மேன் சைக்கிளில் வந்து இறங்கினார். கண் இரண்டும் சிவந்திருந்தன. முகமூடி கழுத்தில் தொங்கியது, அதை இறுக்கிக் கட்டியிருந்த தடம் கன்னத்தில் பள்ளமாகப் பதிந்திருந்தது. கூட்டத்தைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு அவளருகில் வந்தார்.

"மேடம், வால்வை இப்பதான் ஒரு வழியா அடைச்சு முடிச்சோம். காத்து மைதானத்துப் பக்கம் அடிச்சதால எல்லாரும் பிழைச்சோம். மேனேஜர் உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னார், ஒத்திகையை இன்னைக்கே ஆரம்பிச்சிடலாமா, இல்ல நாளைக்குத் தள்ளிப் போட்டுடலாமா?"