பெரிய துரையின் நாற்காலியில் பெண் பார்த்த கதை

குனோங் ராபாட், ஈப்போ
12.8.1979

அன்பு மச்சான் கார்த்திகேசு அவர்களுக்குச் சின்னையா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஹுத்தான் மெலிந்தாங்கில் தாங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். இங்கே நாங்கள் நலம். நாற்காலி எங்களைவிட நலம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் கிராணியாக இருந்து கணக்கெழுதிய ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது, பெரிய துரை பங்களாவிலிருந்து ஒரு நாற்காலியை எடுத்துவந்தேன் அல்லவா? தேக்குக் கால், அகலமான கை, பின்னால் சரிந்த தோல் முதுகு. துரை அதில் சாய்ந்திருப்பார், நானும் கங்காணிமாரும் எதிரில் நிற்போம், அப்படியே எங்கள் காலம் போயிற்று. கோழி முட்டையிடும் கோலத்தில் வந்ததை இங்கே ஒரு சீனத் தச்சர் இழைத்து, எண்ணெய் பூசி, புதுத் தோல் தைத்துக் கொடுத்தார். மாட்டுத்தோல் சாமி இருக்கிற வீட்டுக்குள் வரக் கூடாது என்று தங்கள் அக்கா வீரம்மா சொல்லிவிட்டதால், கார் இல்லாத எங்கள் கார் போர்ச்சில் போட்டேன்.

அதில் சாய்ந்தால் எதிரே சுண்ணாம்பு மலை. காலைப் பனியில் மலையின் அடிப்பாகம் மறைந்துவிடும், மேல்பாகம் மட்டும் வரிசை வீடுகளின் கூரைமேல் மெதுவாக மிதந்து வரும். எனக்குக் கண் செருகிவிடும். கனவில் மேகங்களை வரிசையாக நிறுத்தி, பழையபடி ஆள் எண்ணிப் பெரட்டு எடுப்பேன். ஒவ்வொரு மேகமும் பேரைச் சொல்லிவிட்டுப் பால் வாளியோடு மலைக்குப் பின்னால் போகும். இவ்வளவு நிம்மதியை நான் சம்பளத்துக்கு வேலை பார்த்த காலத்தில் கண்டதே இல்லை, மச்சான்.

போன ஞாயிறு மகள் நவமணியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை தஞ்சோங் மாலிமில் வாத்தியார். அவர் அப்பா வேறு யாருமில்லை, நம் தோட்டத்துக் கங்காணி பழனியப்பன்தான். வருகிறவரைக்கும் சும்மா உட்காருவோம் என்று சாய்ந்தேன், மேகங்கள் வந்துவிட்டன. பழனியப்பன் வாசலில் அந்த நாற்காலியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி, தோள் துண்டைக் கக்கத்தில் இடுக்கி நிமிர்ந்து நின்றிருக்கிறார். அவர் நிற்பதால் சம்சாரமும் மகளும் நின்றார்கள், ஏன் என்று தெரியாமலே மாப்பிள்ளையும் நின்றார். நான் கண்ணைத் திறந்தால் எதிரே வரிசையாக ஆட்கள். பாதிக் கனவில் கேட்டுவிட்டேன்.

“இன்னைக்கு எத்தன ஆளு?”

“நாலு ஆளுங்க, கிராணி ஐயா,” என்றார் பழனியப்பன்.

சொன்ன பிறகுதான், பெண் பார்க்க வந்த இடத்திலும் பெரட்டில் நிற்கிறோம் என்று அவருக்கு விளங்கியது. முகம் கறுத்து, எல்லாரையும் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். பெண் பார்க்க வந்தவர்கள் தண்ணீர்கூடத் தொடாமல் போனால் என்ன அர்த்தம் என்று தங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. “எனக்கு அவரப் பிடிச்சிருந்துச்சிப்பா. இனிமே சொல்லி என்னா லா,” என்று நவமணி ஒருமுறை சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆகையால் தயவுசெய்து வருகிற சனிக்கிழமை தங்கள் மீன் லாரியோடு வந்து இந்த நாற்காலியை என் கண்ணில் படாத இடத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், கடலுக்குப் போகிறவர்களுக்குக் காற்று சாதகமாக அடிக்கட்டும்.

இப்படிக்கு,
மன அமைதி இழந்த சின்னையா

பி.கு. லாரி வேண்டாம். கடிதத்தை ஒட்டப் போகும் நேரம் பழனியப்பன் தனியாக வந்தார். “தோட்டமும் போச்சு, தொரையும் போயிட்டாரு, நா மட்டும் இன்னும் நின்னுக்கிட்டு இருக்கேன். ஒரு வாட்டி உக்காந்து பாத்துக்கவா?” என்றார். நானே கையைப் பிடித்து உட்கார வைத்தேன். சாய்ந்தார். மலையைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, “காப்பிய இங்கயே கொண்டாரச் சொல்லுங்க, சம்பந்தி,” என்றார். வீரம்மா காப்பி கலக்க ஓடியிருக்கிறாள். நான் அவருக்கு எதிரில் நிற்கிறேன், இதை எழுதுவதும் நின்றபடிதான்.