தராசுக்குத் தெரிந்த எடை

"ஏங்க, நேத்தைவிட இன்னைக்குக் குறைஞ்சிருக்கு!" என்று மனைவி அலறியதும் சர்க்யூட்டுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சர்க்யூட் என்பது அலுவலகத்தில் வைத்த பட்டப்பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு எடை ஏறாவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரிதான் என்று நர்ஸ் சொல்லிப் போயிருந்தார். கடையில் தராசு வாங்கலாம் என்றாள் மனைவி. "எலக்ட்ரானிக்ஸ்காரன் வீட்டுக்குக் கடைத் தராசா?" என்று மார்தட்டியவன், தானே ஒன்று செய்தான். விதி யாரை விட்டது?

"பதறாதே, இன்னொரு தடவை வை."

பச்சைப்பிள்ளை உருண்டுவிடப் போகிறதே என்று கழுத்துக்குக் கைகொடுத்து, தட்டில் கிடத்தினாள். எண்கள் ஊஞ்சல் ஆடின.

தட்டின் அழுத்தத்தைப் பெருக்கி எண்ணாக்க உதவும் ஆம்ப்ளிஃபயருக்குப் பூஜ்யம் எதுவென்று சொல்வது, ‘ரெஃபரன்ஸ் பின்’ என்னும் அதன் கம்பிக்கால். அதற்கு இரண்டே ரெசிஸ்டர் வைத்து வோல்டேஜ் கொடுத்திருந்தான். பாட்டரியாவது மிஞ்சட்டும் என்று, கரண்ட் குறைவாக இழுக்கும் பெரிய ரெசிஸ்டர்களாக அவற்றை மாற்றினான். எடை இன்னும் இறங்கியது. ஆட்டத்தை அடக்க கெபாசிட்டர் ஒன்றைச் சேர்த்தான். எண் நத்தையாக ஊர்ந்து, அதற்கும் கீழே போய் நின்றது.

"பிள்ளை கரையுதுங்க!" அழுகை முட்ட, அவள் பிள்ளையை இன்னும் இறுகத் தாங்கியபடி தட்டின்மேல் குனிந்தாள்.

வேறு வழியின்றி, வெட்கத்தை விட்டு அலுவலக நண்பனைக் கூப்பிட்டான்.

"அடப்பாவி! ரெஃபரன்ஸ் பின்னை ரெசிஸ்டர்ல தொங்கவிட்டா ஆடாம என்ன பண்ணும்? நடுவுல ஒரு பஃபர் போடுடா. அதுதான் அசையாம பிடிச்சு நிறுத்தும்."

பஃபர் போட்டான். ஒரு கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வைத்தான். ஒரு கிலோ என்றது, இம்மி பிசகவில்லை. துள்ளிக் குதித்தான்.

"இப்ப வை பிள்ளையை!"

வைத்தாள். எண் அசையாமல் நின்றது. இதுவரை வந்ததிலேயே அதுதான் குறைவு.

இனி தராசைத் திட்டவும் வழியில்லை. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் பையை அவனே தேடிக்கொண்டு வந்தான். அந்த நேரம் பார்த்துத்தானா நர்ஸ் வாசலில் வந்து நிற்க வேண்டும்?

"நீங்களே பாருங்க சிஸ்டர், ஏறவே மாட்டேங்குது" என்றாள் மனைவி, தட்டைவிட்டு நகராமலே.

நர்ஸ் எண்ணைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். அப்புறம் தாயைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"பையன் நல்லாத்தான் தேறியிருக்கான். பாதிப் பிள்ளையை உங்க கையில தாங்கிக்கிட்டு, மீதியை மட்டும் தட்டுல வெச்சா தராசு என்னம்மா பண்ணும்?"