எடுத்த பிறகும் பார்த்த பித்தப்பை

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு இருவரும் நலம். வழக்கமாக யோசிக்காமல் எழுதும் வார்த்தை. இந்த முறை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

உங்கள் தங்கைக்குப் பித்தப்பையில் கல் இருந்து, பையோடு எடுத்தது தாங்கள் அறிந்ததே. அவள் பார்க்க ஆசைப்படுகிறாள், கல்லை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுங்கள் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். பையும் கல்லும் சோதனைக்குப் போய்விட்டன என்றார். தூரப் போடப் போகிற பை, அது ஆரோக்கியமாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று நான் நியாயம் பேசினேன். “சந்தேகப்பட்டு அனுப்பலை சார். எதை எடுத்தாலும் ஒரு தடவை பாத்துடுவோம்” என்றார் பொறுமையாக.

தையல் பிரித்த பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, இருவரும் வரவேண்டும் என்று. பல்பு வாங்கப் போவதாக அவளிடம் புளுகிவிட்டுத் தனியாகப் போனேன். பையின் உள்சுவரில் ஓரிடத்தில் புற்றுநோய் தொடங்கியிருந்ததாம். ஸ்கேனில் தெரியாதது மைக்ராஸ்கோப்பில் தெரிந்திருக்கிறது. நல்லவேளையாகப் பரவவில்லை, பையோடு போய்விட்டது, அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டரம்மா. வீட்டில் நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்று வீரமாகக் கிளம்பி வந்தேன்.

வந்தால் வாய் திறக்கவில்லை மச்சான். அதனால் பாத்திரம் துலக்கினேன், தலையணை உறை மாற்றினேன், வெந்நீர் வேண்டுமா என்று போகும்போதும் வரும்போதும் கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “உண்மையைச் சொல்லுங்க. நான் சாகப் போறேனா?”

“இல்ல, பொழச்சிட்ட” என்று சொல்லிவிட்டு நான்தான் அழுதேன். முதுகைத் தட்டிக்கொடுத்தது அவள்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அதைக் கண்டுபிடித்தது யார் என்றாள். விசாரித்து அவளை அழைத்துப் போனேன். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஜெனரேட்டரை ஒட்டிய சோதனை அறை. மருந்து நெடியில் கண் கரித்தது. மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்த பெண் டாக்டர், விஷயம் தெரிந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். உங்கள் தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இங்க யாரும் தேடி வர்றதில்லம்மா” என்றார் அவர். “எல்லாரையும் துண்டு துண்டாத்தான் பாத்திருக்கேன். முழுசா பாக்குறது உங்களைத்தான்.”

ஆகவே தாங்கள் பதறி ஓடிவர அவசியமில்லை. நான் திடமாக இருக்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை உங்கள் தங்கை படித்துவிட்டாள். உடனே புறப்பட்டு வரவும். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “அண்ணனை வரச் சொல்லுங்க. என்னைப் பாத்துக்க இல்ல, உங்களைப் பாத்துக்க.”